கேளுங்கள், சொல்கிறேன்: கிட்டார் நெக்குக்கு எந்தப் பூச்சு தாங்கும்?

மழை பிடித்துக்கொண்டதும் கிட்டார் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். கம்பி துருப்பிடிக்கிறது, நெக், அதாவது இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி, வளைகிறது, கை ஒட்டுகிறது என்று எல்லாம் ஈரத்தின் வேலைதான். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை நெக்குக்கு என்ன பூசுவது என்பதைப் பற்றியே இருந்ததால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன். டியூனிங், ஆம்ப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, என்னுடையது செகண்ட் ஹேண்டாக வாங்கிய பழைய எலக்ட்ரிக் கிட்டார். நெக் மேப்பிள் மரம். பின்பக்கத்துப் பூச்சு தேய்ந்து, மரம் கறுத்துப் போயிருக்கிறது. மழைக்காலத்தில் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. சர்ச்சிலும் கல்யாண வீடுகளிலும் வாசிப்பவன் நான், வேகமான பாட்டு வந்தால் கட்டை விரல் நின்று நின்றுதான் நகர்கிறது. தளபாடக் கடை பாஸ் லேக்கர் ஸ்ப்ரே பண்ணித் தருகிறேன் என்கிறார். நண்பன் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதும் என்கிறான். இன்டர்நெட்டில் பார்த்தால் எல்லாரும் ட்ரூ ஆயில் என்கிறார்கள். எது நீண்ட நாள் உழைக்கும்?
— வாசகர், நோர்வூட்

பதில்: தம்பி, முதலில் நண்பனிடம் இருந்து அந்தத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை வாங்கி வீட்டு அடுக்களையில் வைத்துவிடுங்கள். எண்ணெயில் காயும் எண்ணெய், காயாத எண்ணெய் என்று இரண்டு சாதி உண்டு. ஆளி விதை எண்ணெய், டங் எண்ணெய் இரண்டும் காற்றில் உள்ள ஒக்சிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல இறுகித் தோலாக மாறும். தேங்காய் எண்ணெய் எத்தனை மாதம் வைத்தாலும் எண்ணெயாகவே இருக்கும். அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாளாக ஆக வாடையும் வரும். அதைவிட மோசம், பிறகு நீங்கள் நல்ல வார்னிஷ் பூசினாலும் அது மரத்தைப் பிடிக்காது. ஏற்கனவே பூசியிருந்தால் டர்பன்டைனில் நனைத்த துணியால் துடையுங்கள், துணி மாற்றி மாற்றித் துடையுங்கள், துணியில் மஞ்சள் கறை வராமல் நிற்கும்வரை.

அடுத்தது, இப்போது நெக்கில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். உங்களுடையது போல்ட் போட்ட நெக்காக இருந்தால் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றுங்கள். உடம்புக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். கரைந்து பஞ்சில் வந்தால் அது ஷெலாக், அதாவது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லேக்கர் தின்னருக்குக் கரைந்தால் நைட்ரோ லேக்கர், அதாவது தின்னரில் கரைத்து அடிக்கும் பழைய வகைப் பூச்சு. இரண்டுக்குமே கரையாமல் நின்றால் பொலியூரித்தேன் அல்லது பொலியெஸ்டர் வகை. கடைசி வகை என்றால் முழுவதும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை, பளபளப்புப் போகும் அளவுக்கு உரசிவிட்டு மேலேயே பூசலாம். ஒட்டுகிறது, கறுத்திருக்கிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் லேக்கராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வேர்வையும் தோல் எண்ணெயும் வருடக் கணக்கில் ஊறினால் லேக்கர் இளகும், தேய்ந்த இடத்தில் அழுக்கு நேராக மரத்துக்குள் இறங்கும். மேப்பிள் வெளிறிய மரம், எல்லாமே தெரியும். ஃபெண்டர் கிட்டார்களில் மேப்பிள் ஃப்ரெட்போர்டின் (ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகள் பதித்த, விரலால் கம்பியை அழுத்தும் முன்பக்கம்) மேற்பக்கத்துக்கும் சேர்த்துப் பூச்சு அடித்தது இதனால்தான்.

இப்போது பாஸ் சொன்ன லேக்கருக்கு வருவோம். அவர் சொன்னதில் தப்பில்லை, 1950களின் ஃபெண்டர் எல்லாம் நைட்ரோ லேக்கர்தான், தேய்ந்த பழைய நெக்குக்கு இன்று ஆட்கள் காசைக் கொட்டுகிறார்கள். லேக்கர் தின்னர் ஆவியாகிப் போவதாலேயே காய்கிறது, வேறு மாற்றம் ஒன்றும் நடப்பதில்லை, அதனால் அடுத்த பூச்சு போடும்போது பழைய பூச்சைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். ஒட்டுப்போடுவது சுலபம். ஆனால் அதே காரணத்தால்தான் கை வேர்வைக்கும் ரப்பருக்கும் இளகுகிறது. 1960களின் பிற்பகுதியில் ஃபெண்டரே கனமான பொலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. நம் ஊரில் இன்னொரு தொல்லை இருக்கிறது. நோர்வூட்டில் மூட்டம் இறங்கியிருக்கும் ஒரு பகலில் லேக்கர் அடித்தால், தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து, நெக் முழுக்கப் பால் தெளித்ததுபோல வெள்ளை பூத்துவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்தால் குறையும், வெயில் நாளில் மறுபடி லேசாகத் தின்னர் அடித்தால் பெரும்பாலும் மறையும். கடைக்காரருக்கு இது தெரிந்திருக்கும். மேசைக்கும் கதவுக்கும் இந்தச் சிரமம் பரவாயில்லை. தினம் கை உரசும் நெக்குக்கு நான் லேக்கர் சொல்ல மாட்டேன்.

ட்ரூ ஆயில் நல்லதுதான். துப்பாக்கிப் பிடிக்கென்று செய்யப்பட்ட எண்ணெய், ஆளி விதை எண்ணெயை அடிப்படையாகக் கொண்டது. மியூசிக் மேன் கம்பெனி அதையும் மெழுகையும் பூசித்தான் பல மாடல்களின் நெக்கை விற்கிறது. கைக்கு மரம் மாதிரியே இருக்கும், வழுக்கிக்கொண்டு போகும். குறை என்னவென்றால் படலம் மெல்லியது, அழுக்கு ஏறும், வருடத்துக்கொரு தடவையாவது உரசித் துடைத்து மறுபடி பூச வேண்டும். அதைச் செய்கிற ஆள் என்றால் தாராளமாகப் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும்போது யாராவது கொண்டுவந்து தந்தால்தான் கிடைக்கும் என்ற நிலையில் இருந்தால் அதற்காக ஏங்க வேண்டாம்.

"நீண்ட நாள்" என்றுதானே கேட்டீர்கள்? அப்படியானால் என் பதில் ஹார்ட்வெயார் கடையில் டின்னில் கிடைக்கும் எண்ணெய் வகைப் பொலியூரித்தேன் வார்னிஷ், அதுவும் பிரஷ்ஷால் இல்லை, டர்பன்டைன் கலந்து துணியால் துடைத்துப் பூசுவது. இது காய்வதோடு நிற்பதில்லை, காற்றைப் பிடித்து உள்ளுக்குள்ளே கட்டிப்படுகிறது, ஒருமுறை இறுகிவிட்டால் வேர்வைக்கும் ஸ்பிரிட்டுக்கும் மசியாது. எண்ணெய்ப் பூச்சின் மெல்லிய கைப்பதமும் கிடைக்கும், லேக்கரைவிட உழைக்கவும் செய்யும்.

வேலை இப்படி. ஃப்ரெட்போர்ட் பக்கத்தை டேப் ஒட்டி மூடுங்கள். பழைய பூச்சு லேக்கர் என்றால் தின்னரில் துடைத்து எடுங்கள், பிறகு 180, 240, 320 என்று சேண்ட் பேப்பரை மாற்றி மர ஓட்டத்தோடு தேயுங்கள். குறுக்கே ஒரு தடவை தேய்த்தால்கூட அந்தக் கீறல் வார்னிஷ் பட்டதும் பளிச்சென்று தெரியும். கறுப்பு முழுவதும் போகும்வரை தேய்க்கப் போய் நெக்கின் வளைவையே மாற்றிவிடாதீர்கள், கொஞ்சம் கறை இருந்துவிட்டுப் போகட்டும், வாசித்த கிட்டார் அப்படித்தான் இருக்கும். வார்னிஷும் டர்பன்டைனும் சரிபாதி. நன்றாகத் துவைத்துப் பழகிய, நூல் உதிராத பழைய பனியன் துணியைச் சிறிய பொட்டலமாக மடித்து, அதில் தொட்டு, ஈரம் மினுங்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். வழிந்து ஓரத்தில் சொட்டாக நின்றால் அதிகம். முதல் பூச்சை மரம் குடித்துவிடும், ஒன்றும் பூசாத மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். நாலைந்து பூச்சு போதும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 400 பேப்பரால் மேலோட்டமாக உரசி, தூசியைத் துடைத்துவிடுங்கள், இறுகிய பொலியூரித்தேன் புதுப் பூச்சோடு கரைந்து சேராது, கீறல் இருந்தால்தான் பிடித்துக்கொள்ளும்.

எத்தனை மணி நேரம் இடைவெளி என்று டின்னில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அது நம்முடைய குளிரையும் ஈரத்தையும் நினைத்து எழுதியதில்லை. மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால் டர்பன்டைன் வாடை வருகிறதா, உரசினால் வெள்ளை மாவாக உதிராமல் பேப்பரில் கட்டி கட்டியாக ஒட்டுகிறதா, அப்படியானால் இன்னும் காயவில்லை. இன்னொரு நாள் விடுங்கள், இரண்டு நாள்கூட விடுங்கள். கடைசிப் பூச்சுக்குப் பிறகு தொட்டால் ஒட்டாது என்பதற்காக அன்றைக்கே கம்பியை மாட்டிவிட வேண்டாம், உள்ளே முழுதாக இறுகச் சில வாரம் ஆகும். அந்தப் பொறுமை இல்லாமல்தான் பாதிப் பேர் வார்னிஷ் சரியில்லை என்று டின்மேல் பழியைப் போடுகிறார்கள்.

முடிந்தால் காலத்தையும் பார்த்துச் செய்யுங்கள். உங்கள் பக்கம், ஹட்டன், மஸ்கெலியா எல்லாம் தென்மேற்குப் பருவக்காற்றின் நேர் முகத்தில் இருக்கின்றன, மே தொடங்கி செப்டெம்பர் வரை ஈரம் விடாது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் உங்களுக்கு வாய்ப்பு. ஊவாப் பக்கத்துக்கு இது தலைகீழ், அங்கே வடகிழக்குப் பருவத்தில்தான் நச நசவென்று நிற்கும், ஜூன் ஜூலையில் காய்ந்த காற்று அடிக்கும். மழையிலேயே செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு பெட்டிக்குள் நெக்கைத் தொங்கவிட்டு, பல்ப் ஒன்றை எரியவிட்டு, மேலே காற்றுப் போக ஓட்டை வையுங்கள். பல்ப் நெக்குக்கு நேர் கீழே வேண்டாம், ஈரப் பூச்சின் ஆவி அடங்கிய பிறகே எரியவிடுங்கள். விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காயவைக்கும் யோசனை சிலருக்கு வரும். வேண்டவே வேண்டாம். புகைக்கரி ஈர வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும், அது போகட்டும், டர்பன்டைன் ஆவியும் தணலும் ஒரே அறைக்குள் இருக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற எல்லாருக்கும். ஆளி விதை எண்ணெயோ எண்ணெய் வார்னிஷோ தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது சூடு விடும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். கட்டுக்கதை இல்லை, உலகம் முழுக்கத் தச்சுப் பட்டறைகள் இப்படி எரிந்திருக்கின்றன. ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு சுவர் மட்டுமே உள்ள லயத்தில் இது விளையாட்டான காரியம் இல்லை. துணியை விரித்து வெளியே கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைத்த தகர டின்னில் போட்டு மூடுங்கள்.

பளபளப்பு நெக் ஒட்டும். எல்லாம் இறுகிய பிறகு 0000 நம்பர் ஸ்டீல் வுல்லால் பின்பக்கத்தை மட்டும் மங்கலாக்கிவிடுங்கள், அதற்குப் பிறகு கட்டை விரல் நிற்காது. இதை நெக் தனியாகக் கழன்றிருக்கும்போதே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இரும்புத் தூள் எல்லாம் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், எடுப்பதற்குள் உயிர் போய்விடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்பாஞ்ச் அவ்வளவு நைசு கிடையாது, கீறிவிடும்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் பழகும் அக்கூஸ்டிக் கிட்டார்களின் ஃப்ரெட்போர்ட் வெளிறி, காய்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது. அதற்கும் சேர்த்து வார்னிஷ் அடித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். இன்னொரு கிட்டாரில் நெக்கின் பின்பக்கம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருக்கிறது.
— இசை ஆசிரியை, பண்டாரவளை

பதில்: டீச்சர், அடிக்க விடாதீர்கள். அது ரோஸ்வுட்டாக இருக்கும். ரோஸ்வுட், எபனி இரண்டும் தங்களுக்குள்ளேயே எண்ணெய் உள்ள மரங்கள், அவற்றைப் பூச்சில்லாமல் விடுவதுதான் வழக்கம். வார்னிஷ் போட்டால் கம்பி அழுத்தும் இடத்தில் தேய்ந்து தீவு தீவாக நிற்கும், ஃப்ரெட் ஓரங்களில் கட்டி பிடிக்கும். கம்பியைக் கழற்றி, ஈரம் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்து, காய்ந்ததும் ஃப்ரெட்போர்டுக்கென்று விற்கிற லெமன் ஓயிலில் சில சொட்டுத் துணியில் எடுத்துத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

வெள்ளைத் திட்டுக்கு நான் சந்தேகப்படுவது ஹேண்ட் சானிடைசரை. கொரோனாக் காலத்திலிருந்து எல்லா வகுப்பு வாசலிலும் ஒரு போத்தல் இருக்கிறதே, அதில் பெரும்பங்கு அல்ககோல்தான். ஷெலாக் பூசிய நெக் என்றால் அல்ககோல் கரைத்துவிடும், லேக்கரையும் மங்கச் செய்யும். பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் கிட்டாரைத் தொடச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் நெக்கைத் துடைக்க ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பருத்தித் துணி. பாடசாலைக் கிட்டாருக்கு இதைவிடப் பெரிய பராமரிப்பு யாரும் செய்யப்போவதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: நான் தச்சு வேலை செய்பவன். மகனுக்காகத் தேக்கில் ஒரு நெக் செதுக்கினேன். பொலியூரித்தேன் பூசினால் சில இடம் காய்கிறது, சில இடம் காயாமல் ஒட்டுகிறது. கிரவீலியாவில் செய்தால் சரிவருமா?
— வாசகர், மஸ்கெலியா

பதில்: பாஸ், உங்களுக்கு நான் மரம் சொல்லிக் கொடுக்க முடியாது, பூச்சை மட்டும் சொல்கிறேன். தேக்கின் எண்ணெய்தான் வார்னிஷைக் காயவிடாமல் தடுக்கிறது. காயாததைச் சுரண்டி எடுத்து, தின்னர் அல்லது அசிட்டோனால் மரத்தைத் துடைத்து, அது ஆவியான உடனேயே முதல் பூச்சைப் போட வேண்டும், ஒரு இரவு விட்டால் உள்ளிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். அந்த முதல் பூச்சு ஷெலாக்காக இருக்கட்டும். ஸ்பிரிட்டில் கரைத்த ஷெலாக் தேக்கின் எண்ணெயைப் பொருட்படுத்தாமல் பிடிக்கும், அதன்மேல் பொலியூரித்தேனும் பிடிக்கும். நீங்கள் கதவு பொலிஷ் பண்ணக் கரைத்து வைத்திருப்பதே போதும், ஆனால் போத்தலை ஆட்டாமல் சில நாள் வைத்து, மெழுகு அடியில் படிந்ததும் மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்றி எடுங்கள். மெழுகு கலந்தால் பொலியூரித்தேன் உரிந்து வரும்.

கிரவீலியாவை அவுஸ்திரேலியாவில் சில்க்கி ஓக் என்கிறார்கள், கிட்டார் செய்யவும் எடுக்கிறார்கள். அறுக்கும் பக்கம் சரியாக அமைந்தால் ரேகை மிக அழகு. நெக்குக்கு என்றால் நேரான ஓட்டமுள்ள, நன்றாகக் காய்ந்த துண்டு வேண்டும், உள்ளே நெக்கை வளையாமல் தாங்கும் இரும்புக் கம்பி, ட்ரஸ் ராட், கட்டாயம் வேண்டும். தோட்டத்தில் வெட்டிப் போட்ட பச்சை மரத்தில் ஆரம்பிக்காதீர்கள். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் ஏறக்குறைய 9 சதவீத நீர் நிற்கும், 80 ஆகிவிட்டால் 16 சதவீதம்வரை ஏறும், நெக் முறுக்கிக்கொள்வது இந்த ஏற்ற இறக்கத்தில்தான். எந்தப் பூச்சும் ஈரத்தை முழுதாக நிறுத்தாது, வேகத்தைத்தான் குறைக்கும். அதனால் பின்பக்கத்துக்கு மட்டும் பூசி நிறுத்தாமல், உடம்போடு பொருந்தும் அடிப்பகுதி, டியூனர் ஓட்டைகளின் உட்பக்கம், மரம் குறுக்கே அறுபட்ட முனை எல்லாவற்றுக்கும் பூசுங்கள், தண்ணீர் அதிகம் குடிப்பது அந்த இடங்கள்தான். கிரவீலியாத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். தேய்க்கும்போது முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள், மகன் கையில் கொடுக்குமுன் வெறும் மரம் எங்கும் தெரியாமல் பூசிவிடுங்கள்.

கேள்வி: தளபாடத்துக்கு அடிக்கிற, ஹார்ட்னர் கலக்கும் டூ-கே பொலியூரித்தேன்தான் எல்லாவற்றையும்விடக் கடினம் என்கிறார்களே?
— வாசகர், நுவரெலியா

பதில்: கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஸ்ப்ரே அறையும் சரியான மாஸ்க்கும் உள்ள பட்டறை என்றால் கொடுத்து அடித்து வாங்குங்கள், மெல்லிசாக அடிக்கச் சொல்லி, பின்பக்கம் மேட்டாக இருக்கட்டும் என்றும் சொல்லுங்கள். வீட்டு விறாந்தையில் வேண்டாம்.

கேள்வி: நெக்கில் வார்னிஷ் போட்டால் கிட்டாரின் சத்தம் மாறிவிடுமா?
— வாசகி, ஹப்புத்தளை

பதில்: துணியால் துடைத்துப் பூசிய மெல்லிய படலத்தால் உங்கள் காதுக்குக் கேட்கிற மாதிரி ஒன்றும் மாறாது. கம்பி மாற்றிப் பாருங்கள், அதில் கேட்கும்.

கேள்வி: நெக்குக்கு ஆளி விதை எண்ணெய் பூசி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் ஒட்டுகிறது. மேலே இன்னொரு பூச்சு போட்டால் சரியாகுமா?
— வாசகர், தலவாக்கலை

பதில்: ஆகாது, இன்னும் மோசமாகும். ஒன்று நீங்கள் வாங்கியது பச்சை எண்ணெய், அல்லது மிச்சத்தைத் துடைத்து எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். பச்சை ஆளி விதை எண்ணெய் நம் குளிரில் மாதக் கணக்கில் காயாது. மரத்துக்கு வேண்டியது பொயில்ட் என்று போட்டிருப்பது. அதில் சீக்கிரம் காய்வதற்கான உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். இப்போது டர்பன்டைன் துணியால் ஒட்டுகிறதெல்லாம் வழித்தெடுங்கள், நாலைந்து நாள் காற்றுப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள், 400 பேப்பரால் உரசிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் நோர்வூட் தம்பிக்குச் சொன்ன மாதிரி பொலியூரித்தேன் பூசலாம். பேப்பரில் பிசினாக ஒட்டினால் மறுபடி டர்பன்டைன்.